பின் பாக்கெட்டே இல்லாதவரிடம் பின் பாக்கெட் பற்றிக் கேட்டால்? – தோள்பட்டை வலியை அளக்கும் 13 கேள்விகள் ஊருக்கு ஊர் மாறுவது ஏன்?

"கடந்த ஒரு வாரத்தில், பின் பாக்கெட்டிலிருந்து ஒரு பொருளை எடுப்பது உங்களுக்கு எவ்வளவு சிரமமாக இருந்தது? 0 முதல் 10-க்குள் ஒரு எண் சொல்லுங்கள்."

தோள்பட்டை வலி என்று பிசியோதெரபிக்குப் போனால் இப்படி ஒரு கேள்வி வரலாம். ஜீன்ஸ் பாக்கெட்டில் பர்ஸ் வைத்திருக்கும் ஐடி ஊழியர் யோசிக்காமல் பதில் சொல்லிவிடுவார். வேலூர் லாங் பஜாரில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மூட்டை இறக்கும் லோடுமேன் என்ன சொல்வார்? ஆம்பூர் ஷூ கம்பெனியில் நாள் முழுக்கத் தையல் மெஷின் முன் உட்காரும், புடவை கட்டிய பெண் என்ன சொல்வார்? "பாக்கெட்டே இல்லீங்களே" என்று சிரிப்பார். அல்லது, கேட்கிறார்களே என்று வாய்க்கு வந்த ஒரு எண்ணைச் சொல்லிவிடுவார்.

அந்த எண்தான் பிரச்சினை. அது கோப்பில் ஏறும், கூட்டப்படும், ஆறு வாரம் கழித்து வரும் இன்னொரு எண்ணோடு ஒப்பிடப்படும். சிகிச்சை பலன் தருகிறதா இல்லையா என்று பார்க்க அதுவும் ஒரு ஆதாரமாகும்.

'ஸ்பாடி' என்றால் என்ன?

தோள்பட்டை வலியை ஸ்கேனில் முழுதாகப் பார்க்க முடியாது. எம்ஆர்ஐயில் தசைநார் கிழிந்திருக்கும், ஆனால் வலியே இருக்காது. ஸ்கேனில் பெரிதாக எதுவும் தெரியாது, ஆனால் ராத்திரி முழுக்கத் தூக்கம் வராது. அதனால், 'உங்களால் என்ன செய்ய முடிகிறது, எவ்வளவு வலிக்கிறது' என்று நோயாளியிடமே கேட்டு எண்ணாக்கும் கேள்விப் பட்டியல்கள் வந்தன.

அவற்றில் உலகம் முழுக்கப் பயன்படும் ஒன்றுதான் ஸ்பாடி. 'தோள்பட்டை வலி மற்றும் இயலாமைக் குறியீடு' என்று தமிழில் சொல்லலாம். அமெரிக்காவில் காத்ரின் ரோச் தலைமையிலான குழு 1991-ல் இதை வெளியிட்டது. மொத்தம் 13 கேள்விகள். முதல் 5 வலியைப் பற்றியவை: வலி அதிகபட்சமாக இருந்தபோது எவ்வளவு, அந்தப் பக்கம் படுக்கும்போது எவ்வளவு, உயரத்தில் இருக்கும் பொருளை எட்டும்போது எவ்வளவு என்று போகும். மீதி 8 அன்றாட வேலைகள்: தலைமுடி அலசுவது, முதுகு தேய்ப்பது, பனியன் அல்லது ஸ்வெட்டர் போடுவது, முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை போடுவது, பேன்ட் போடுவது, உயரமான அலமாரியில் பொருள் வைப்பது, 10 பவுண்டு எடையைத் தூக்குவது, கடைசியாக அந்தப் பின் பாக்கெட்.

இந்தப் பட்டியல் முதலில் சோதிக்கப்பட்டது 37 நோயாளிகளிடம். அத்தனை பேரும் ஆண்கள், அமெரிக்கர்கள். பின் பாக்கெட் ஏன் வந்தது என்பது இப்போது புரிந்திருக்கும்.

ஒரே ஒரு கேள்வி தப்பானால் என்ன ஆகிவிடும்?

கணக்கு எளிது. வலிப் பகுதிக்கு 50, வேலைப் பகுதிக்கு 80. இரண்டையும் தனித்தனியே 100-க்கு மாற்றி, சராசரி எடுத்தால் மொத்த ஸ்கோர். 0 என்றால் எந்தத் தொல்லையும் இல்லை. 100 என்றால் படுமோசம்.

இந்த மொத்த ஸ்கோர் சுமார் 8 முதல் 13 புள்ளிகள் குறைந்தால், நோயாளிக்கு உண்மையிலேயே தெரிகிற முன்னேற்றம் என்று ஆய்வாளர்கள் பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள்.

இப்போது கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வேலைப் பகுதியில் ஒரு கேள்விக்கான பதில் 10-லிருந்து 0 ஆனால், மொத்த ஸ்கோர் 6.25 புள்ளி குறையும். இரண்டு கேள்விகள் அப்படி மாறினால் 12.5. வலிப் பகுதியில் ஒரே கேள்வி மாறினாலே 10 புள்ளி.

அதாவது, முதல் தடவை ஒரு பிசியோதெரபிஸ்ட் கேள்வியை ஒரு மாதிரி விளக்கி, ஆறு வாரம் கழித்து இன்னொருவர் வேறு மாதிரி விளக்கினால், தோள்பட்டையில் எந்த மாற்றமும் இல்லாமலே 'நல்ல முன்னேற்றம்' வந்துவிடும். நிஜமான முன்னேற்றம் காணாமலும் போகலாம்.

பொருந்தாத கேள்வியை விட்டுவிட வழி இருக்கிறது. ஒரு கேள்வியை விட்டால் 80-க்குப் பதில் 70-க்குக் கணக்கிடுவார்கள். ஆனால் ஒரு பகுதியில் இரண்டுக்கு மேல் விட்டால் ஸ்கோரே போடக் கூடாது என்பது விதி. புடவை கட்டும் பெண்ணுக்குப் பின் பாக்கெட், பேன்ட், பட்டன் சட்டை மூன்றுமே பொருந்தாது. விதிப்படி பார்த்தால், அவர் வலிக்கு எண்ணே கிடையாது!

பேசாமல் மொழிபெயர்த்துவிடலாமே?

இது தமிழின் பிரச்சினை மட்டும் இல்லை. பிரெஞ்சையே எடுத்துக்கொள்வோம். ஒரே மொழி; ஆனால் பிரான்சிலும், கனடாவின் கியூபெக்கிலும், பெல்ஜியத்திலும், சுவிட்சர்லாந்திலும் பேசுகிறார்கள். தோள்பட்டைக் கேள்விகளைப் பிரெஞ்சு பேசும் நோயாளிகளுக்குக் கொண்டுபோகிறவர்கள் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, 'எந்த ஊர் பிரெஞ்சு?' என்பதைத்தான்.

ஸ்வெட்டரைப் பாரிஸில் 'புல்' என்பார்கள், மான்ட்ரியலில் 'ஷாந்தாய்'. கியூபெக்கில் 'காமிசோல்' என்றால் சாதாரண உள்பனியன். பிரான்சில் அந்தச் சொல் பெண்களின் உள்ளாடையையோ, மனநல மருத்துவமனைகளில் முன்பு கட்டிவைக்கப் பயன்பட்ட சட்டையையோதான் நினைவுபடுத்தும்.

எடைக் கேள்வி இன்னும் சுவாரஸ்யம். பவுண்டுக்குப் பிரெஞ்சில் 'லீவ்ர்'. கனடாவில் அது ஏறக்குறைய 454 கிராம். பிரான்சின் சந்தையில் 'ஒரு லீவ்ர்' என்று கேட்டால் அரைக் கிலோ நிறுத்துத் தருவார்கள். அகராதிப்படி மொழிபெயர்ப்பு சரி. ஆனால் '10 லீவ்ர்' இரண்டு ஊரில் இரண்டு எடை. நோயாளி மனதில் வரும் படமும் வேறு.

ஒரு மொழிக்குள்ளேயே இப்படி என்றால், வாழ்க்கை முறையே வேறான இடத்துக்குப் போகும்போது?

சரியாகச் செய்வது எப்படி? – ஆறு படிகள்

இதற்கு ஒரு நடைமுறை இருக்கிறது. டார்கஸ் பீட்டன், கிளேர் பாம்பார்டியர், பிரான்சின் ஃப்ரான்சிஸ் கிமென், மார்கோஸ் ஃபெராஸ் ஆகியோர் 2000-ம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல் இன்றும் பரவலாகப் பின்பற்றப்படுகிறது.

1. இரண்டு பேர் தனித்தனியாக மொழிபெயர்க்க வேண்டும். ஒருவர் விஷயம் தெரிந்தவர். மற்றவர் மருத்துவத்துக்குச் சம்பந்தமே இல்லாதவர். சாதாரண மக்கள் பேசும் சொல் அவரிடமிருந்துதான் வரும்.

2. இரண்டையும் வைத்து ஒரே வடிவம் ஆக்குவார்கள். எங்கே முட்டியது என்று எழுதிவைப்பார்கள்.

3. மூலத்தைப் பார்க்காத இரண்டு பேர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பார்கள். அர்த்தம் எங்காவது வழுக்கியிருந்தால் இங்கே பிடிபடும்.

4. மருத்துவர், ஆய்வு முறை தெரிந்தவர், மொழி தெரிந்தவர், மொழிபெயர்ப்பாளர்கள் எல்லோரும் உட்கார்ந்து முடிவெடுப்பார்கள். 12 வயதுப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி இருக்க வேண்டும் என்பது அளவுகோல்.

5. 30 முதல் 40 நோயாளிகளிடம் கொடுத்துப் பார்ப்பார்கள். பதிலை வாங்குவதோடு விடாமல், 'இந்தக் கேள்வியை நீங்கள் எப்படிப் புரிந்துகொண்டீர்கள்?' என்றும் கேட்பார்கள்.

6. எல்லா ஆவணங்களையும் மூலத்தை உருவாக்கியவர்களிடமோ, மேற்பார்வைக் குழுவிடமோ ஒப்படைப்பார்கள்.

இதில் பலரும் மூன்றாவது படியைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். ஆனால் 'பின் பாக்கெட்' அந்தப் படியை அழகாகத் தாண்டிவிடும். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு, தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு, ஒரு எழுத்துகூடப் பிசகாது. சொல் சரி, வாக்கியம் சரி. நோயாளியின் வாழ்க்கையில்தான் அந்தப் பொருள் இல்லை.

பீட்டன் குழு இதற்குச் சொல்லும் உதாரணம் முள்கரண்டி. 'முள்கரண்டியால் சாப்பிடுவது சிரமமா?' என்ற கேள்வியை, முள்கரண்டியே பயன்படுத்தாத நாட்டில் சரியாக மொழிபெயர்த்து என்ன பயன்? அந்த ஊரில் அதே அசைவு தேவைப்படும் இன்னொரு வேலையைத் தேடிப் பிடிக்க வேண்டும். சொல்லை விட்டாலும் அசைவை விடக் கூடாது. 'மொழிபெயர்ப்பு' என்று சொல்லாமல் 'தகவமைப்பு' என்று சொல்வது அதனால்தான்.

லாங் பஜாரில் கேட்டால் எப்படிக் கேட்க வேண்டும்?

பின் பாக்கெட் கேள்வி உண்மையில் சோதிப்பது என்ன? கையைப் பின்னால் கொண்டுபோய், உள்பக்கமாகத் திருப்பும் அசைவு. அதே அசைவு நம் ஊரில் எங்கே வருகிறது? உள்ளாடைக் கொக்கியைப் பின்னால் மாட்டுவது, புடவையைப் பின்பக்கம் சொருகுவது, முதுகில் அரிப்பு எடுத்த இடத்தை எட்டுவது. ஃப்ரோசன் ஷோல்டர் வந்த பல பெண்கள் டாக்டரிடம் முதலில் சொல்வது, "கை பின்னாடி போக மாட்டேங்குதுங்க" என்பதுதான். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்தப் பிரச்சினை வர வாய்ப்பு அதிகம்.

தலை அலசும் கேள்வியும் அவ்வளவு நேர்கோடு இல்லை. அந்தக் கேள்வி ஷவரை மனதில் வைத்தது. இங்கே பலர் பக்கெட்டில் தண்ணீர் பிடித்து, மக்கில் மொண்டு தலைக்கு மேல் தூக்கி ஊற்றுகிறார்கள். தோளுக்கு அது கூடுதல் வேலை. தலைக்குக் குளிப்பது வாரத்தில் ஒன்றிரண்டு நாள்தான் என்ற வீடுகளும் உண்டு. 'கடந்த ஒரு வாரத்தில்' என்று கேட்டால் நினைவில் இருப்பது அந்த ஒரு தடவை மட்டும்.

ஸ்வெட்டர்? வேலூர் வெயிலில் யார் போடுகிறார்கள்! தலை வழியாகப் போடும் சுடிதார் டாப், டி-ஷர்ட், மேல்விஷாரத்திலும் ஆம்பூரிலும் பல பெண்கள் அணியும் புர்கா என்று கேட்டால் அந்த அசைவு கிடைத்துவிடும்.

எடையில் சிக்கல் தலைகீழ். 10 பவுண்டு என்றால் நாலரைக் கிலோ. ஒருநாளில் 50 கிலோ மூட்டைகளைத் தோளிலும் முதுகிலும் ஏற்றி இறக்குகிறவருக்கு, குளிப்பாட்டிய ஈரத்தோலைத் தூக்கிப் போடும் தோல் ஷாப்புத் தொழிலாளிக்கு அது எடையே இல்லை. "அது ஒண்ணும் சிரமம் இல்லீங்க" என்று 0 போட்டுவிடுவார். அவர் வேலையைச் செய்ய முடியாமல் தவிப்பது அந்தக் கேள்வியில் விழவே விழாது. ஸ்கோர் அவரை நலமானவராகக் காட்டும். அதை மட்டும் நம்பி அனுப்பினால், மறுநாள் அதே மூட்டைக்கு அடியில் போய் நிற்பார்.

'வலி' என்றால் எந்த வலி?

பொருள்களைத் தாண்டினால் சொற்கள். தமிழில் 'கை' என்றால் விரல் நுனியிலிருந்து தோள் வரை எல்லாமே கைதான். பிரெஞ்சில் 'ப்ரா' வேறு, 'மேன்' வேறு. புஜம் ஒன்று, உள்ளங்கைப் பகுதி இன்னொன்று. 'தோள்பட்டை வலி' என்று சொல்கிற பலர் கை வைத்துக் காட்டுவது கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே உள்ள சதையை. கேள்வித்தாளோடு ஒரு உடல் படமும் இருந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

'இயலாமை' என்று தலைப்பில் போட்டால், நிரந்தரமாக முடங்கிவிட்டதாகச் சொல்கிறார்களோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. 'எவ்வளவு கஷ்டம்?' என்று கேட்டால் பேச்சு வீட்டுக் கடனுக்கும் பிள்ளை படிப்புக்கும் போய்விடலாம்.

0 முதல் 10 வரை எண் சொல்வதும் எல்லோருக்கும் பழக்கமில்லை. மூல ஸ்பாடி ஒரு நேர்கோட்டைக் கொடுத்து, அதில் குறி போடச் சொன்னது. அது பலருக்கும் சிரமம் என்பதால் எண் முறை பின்னால் வந்தது. நம் ஊர்க்காரர்களுக்கு வேறு கணக்கு கைவசம் இருக்கிறது: "ரூபாய்க்கு அம்பது காசு குறைஞ்சிருக்குங்க." அளவை நூறாகப் பிரித்து, பாதி என்று கச்சிதமாகச் சொல்லிவிட்டார். கேட்கிறவருக்குத்தான் அது அளவாகத் தெரிய வேண்டும்.

தமிழில் ஸ்பாடி இருக்கிறதா?

இருக்கிறது. ஜெல்டி, அசீர், தண்டபாணி ஆகியோர், மூலப் பட்டியலை உருவாக்கிய காத்ரின் ரோச்சுடன் சேர்ந்து தமிழ் வடிவத்தைத் தயாரித்துச் சோதித்தார்கள். அந்த ஆய்வு 2012-ல் 'ஹாங்காங் பிசியோதெரபி ஜர்னல்' இதழில் வெளியானது.

'சோதிப்பது' என்றால் என்ன? லாங் பஜார் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே வெங்காய மூட்டையை இரண்டு தடவை வைத்தால் ஒரே எடை காட்ட வேண்டும். கேள்வித்தாளிலும் அப்படித்தான்: வலி மாறாத நோயாளியிடம் சில நாள் விட்டுத் திரும்பக் கேட்டால் ஸ்கோர் ஏறக்குறைய அதேதான் வர வேண்டும். அடுத்து, அது அளப்பது எடையைத்தானா? தோள் எவ்வளவு தூரம் உயர்கிறது, திரும்புகிறது என்று கருவியால் அளந்து, ஸ்கோரோடு ஒப்பிடுவார்கள். மூன்றாவது, பத்துக் கிலோ எடுத்துவிட்டால் முள் நகர வேண்டும். நோயாளி தேறினால் ஸ்கோரும் இறங்க வேண்டும்.

தராசுக்கு முத்திரை வாங்குவது போலத்தான் இது. முத்திரை இல்லாத தராசிலும் எடை தெரியும், ஆனால் அதை வைத்து வியாபாரம் செய்யக் கூடாது. அவசரத்தில் ஆங்கிலத் தாளைப் பார்த்து வாயால் மொழிபெயர்த்துக் கேட்பது முத்திரை இல்லாத தராசுதான். பக்கத்தில் நிற்கும் மகனோ மருமகளோ நோயாளிக்குப் பதிலாக எண் சொல்வதும் அதில் சேர்த்தி.

வேலூரில் இந்தக் கேள்வி தமிழோடு முடிவதில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கம் பல வீடுகளில் உருது. ஆந்திர எல்லை ஓரம் தெலுங்கு. சிஎம்சி மருத்துவமனைக்கு வங்காளம், ஜார்கண்ட், வடகிழக்கு, வங்கதேசம் என்று தூரத்திலிருந்து வருகிறவர்கள் பேசுவது வங்காளியும் இந்தியும். ஒரே வரிசையில் நிற்பவர்களின் ஸ்கோரை ஒப்பிட வேண்டும் என்றால், ஒவ்வொரு மொழிக்கும் இந்த வேலை நடந்திருக்க வேண்டும்.

புதிதாகவே எழுதினால் என்ன?

சில சமயம் அதுவே சரியான வழி. வலியை விவரிக்கும் சொற்களைத் திரட்டி, கனடாவின் மான்ட்ரியலில் ரொனால்ட் மெல்சாக் 1975-ல் வெளியிட்ட மெக்கில் வலி வினாப்பட்டியல் உலகப் புகழ் பெற்றது. பாரிஸில் சான்-ஆன்ட்வான் மருத்துவமனை மருத்துவர்கள் 1984-ல் அதன் முறையை எடுத்துக்கொண்டார்கள். சொற்களை வரிக்கு வரி மொழிபெயர்க்கவில்லை. பிரெஞ்சுச் சொற்களைக் கொண்டே புதிய பட்டியலை அமைத்தார்கள். குத்தல், குடைச்சல், உளைச்சல், கடுப்பு, சுளுக்கு, விண்ணுவிண்ணுன்னு தெறிக்கிறது என்று நம்மிடம் இருக்கும் சொற்களுக்கும் இந்த வழி பொருந்தும்.

உலக சுகாதார நிறுவனம் 1990-களில் வாழ்க்கைத் தரத்தை அளக்கும் பட்டியலை உருவாக்கியபோது, ஒரு மொழியில் எழுதி மற்றவற்றுக்கு மாற்றாமல், 15 நகர மையங்களில் ஒரே நேரத்தில் வேலையைத் தொடங்கியது. அதில் பாரிஸும் இருந்தது, அன்றைய மெட்ராஸும் இருந்தது. முழங்கால் வலிக் கேள்விகளை புனேவின் வாதநோய் மையம் இந்தியர்களுக்குத் திருத்தியமைத்ததும் இதே தேவையால்தான். குந்தி உட்காருவதையும் சம்மணம் போடுவதையும் கேட்காமல் இந்திய முழங்காலை அளக்க முடியாது.

இது நாளை எல்லை தாண்டிய நம்மவர்களுக்கும் வேண்டியது. பாரிஸின் லா ஷப்பேலில் உணவகச் சமையலறையில் பெரிய பாத்திரம் தூக்கும் ஈழத் தமிழரிடம் பிரெஞ்சுக் கேள்வித்தாளைத்தான் நீட்டுவார்கள். பிரெஞ்சுக்காரர்களிடம் நன்றாக வேலை செய்த தாள், அவர் தோளைச் சரியாக அளக்கும் என்று சொல்லிவிட முடியாது.

நீங்கள் நோயாளி என்றால்…

• கேள்வி புரியவில்லை என்றால் கேளுங்கள். தமிழ்த் தாள் இருக்கிறதா என்று விசாரிப்பது உங்கள் உரிமை.

• செய்யாத வேலையைப் பற்றிக் கேட்டால் எண் சொல்ல வேண்டாம். "இது எனக்குப் பொருந்தாது" என்று சொல்லுங்கள். கணக்கில் அதற்கு இடம் இருக்கிறது.

• அப்பா, அம்மாவோடு துணைக்குப் போனால், பதிலை அவர்களே சொல்லட்டும். நீங்கள் படித்துக் காட்டலாம், எண் சொல்லக் கூடாது.

• தாளில் இல்லாத ஒரு வேலைதான் உங்களுக்கு முக்கியம் என்றால் – மூட்டை தூக்குவது, பஸ்ஸில் மேல்கம்பி பிடிப்பது, நாள் முழுக்க மெஷினில் கை நீட்டித் தைப்பது – அதைத் தனியாகச் சொல்லி, குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். டாக்டருக்கு 13 கேள்விகளும் சொல்லாததை அந்த ஒரு வரி சொல்லிவிடலாம்.

• ஸ்பாடி ஸ்கோர் ஊனச் சான்றிதழ் இல்லை. குறைத்துச் சொன்னால் வேலை நிலைக்கும், கூட்டிச் சொன்னால் லீவு கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். உங்கள் சிகிச்சை சரியான பாதையில் போகிறதா என்று பார்க்க மட்டுமே அது.